இதயத்தில் ஒரு சுருக்குப்பை

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைப் போல, இதயத்தின் இடது மேலறையை ஒட்டி ஒரு சிறு பை இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். ‘கோழி இறக்கை’, ‘கள்ளிச்செடி’, ‘காலிஃபிளவர்’ என்று டாக்டர்கள் அதற்குப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பசி வேளையில் வைத்த பெயர்கள் போலிருக்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்களுக்கு மேலறை சீராகச் சுருங்காமல் வெடவெடவென்று நடுங்கும். பைக்குள் போன ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். வால்வுக் கோளாறு இல்லாதவர்களின் இடது மேலறையில் காணப்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்தப் பைக்குள்தான் இருந்தன.

வழக்கமான வைத்தியம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. எலி மருந்தாக 1948-இல் கடைக்கு வந்த வார்ஃபரின்தான் வெகுகாலம் கைகொடுத்தது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கீரை சாப்பிடுவதில்கூடக் கணக்கு! புது மாத்திரைகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் மூளையிலோ குடலிலோ ஏற்கெனவே ரத்தம் கசிந்தவருக்கு அவற்றையும் ஆயுசுக்கும் கொடுக்க டாக்டர் தயங்குவார். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பையின் வாயையே அடைத்துவிடும் யோசனை.

நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கின் சிரை வழியே மெல்லிய குழாய் வலது மேலறைக்கு ஏறி, நடுச்சுவரில் துளையிட்டு இடப்பக்கம் போகும். உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோ கருவி வழிகாட்டும். குழாயின் நுனியில் மடங்கிக் கிடக்கும், நிட்டினால் என்ற உலோகக் கலவையாலான கம்பிக்கூடு, பையின் வாயில் குடைபோல விரியும். உடனே கழற்றிவிட மாட்டார்கள். டாக்டர் கம்பியை மெல்ல இழுத்துப் பார்ப்பார். கூடு அசையவில்லை என்றால்தான் பிடியை விடுவார்.

2001-இல் ஜெர்மனியில் இப்படிப்பட்ட கருவியை முதன்முதலாகப் பொருத்தினார்கள். ‘வாட்ச்மேன்’ கருவிக்கு அமெரிக்க அனுமதி 2015-இல் கிடைத்தது. 707 பேரிடம் நடந்த முக்கியமான ஆய்வில் அது வார்ஃபரினுக்குச் சளைக்கவில்லை. ஆனால் சிலருக்கு இதய உறைக்குள் ரத்தம் கசிந்தது. கைப்பழக்கம் கூடக்கூட அது குறைந்தது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு இந்தக் கருவி ஏற்றதல்ல. அவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர்.

இன்னொன்று: கூட்டின் மேல் திசு படர்ந்து மூடச் சில வாரங்கள் ஆகும். மாத்திரையிலிருந்து தப்பிக்க வந்தவரும் அதுவரை ஏதோ ஒரு மாத்திரையை விழுங்கித்தான் ஆகவேண்டும்.