அடைபட்ட கண்ணுக்குப் புது வடிகால்

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த திரவம் நிமிடத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடைத் திசு வழியாக இது வடிய வேண்டும். அந்த வழி அடைபட்டால் கண்ணழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சிதையும். இதுவே கிளாக்கோமாவின் பொதுவான வடிவம்.

ஏன் உள்வைப்புக் கருவி?

சொட்டு மருந்தும் லேசரும் போதாதபோது, கண்ணின் வெள்ளைப் பகுதியில் அறுவை செய்து வழி திறப்பார்கள். உடலோ அதைக் காயமாகக் கருதித் தழும்பால் மூடப் பார்க்கும். குழாய் வைத்தால் வழி எளிதில் மூடாது.

எப்படி வேலை செய்கிறது?

குழாயின் ஒரு முனை கண்ணுக்குள் இருக்கும். மறுமுனை வெள்ளைப் பகுதியின் மேல் தைத்த தகட்டில் திரவத்தைச் சேர்க்கும். அதைச் சுற்றியுள்ள திசு உறிஞ்சிக்கொள்ளும். அகமது வால்வு என்ற கருவியில் அழுத்தம் மிகவும் இறங்காமல் தடுக்கும் அடைப்பிதழ் உண்டு. மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் குறைந்த விலைக் கருவியில் வால்வு இல்லை. எனவே தொடக்கத்தில் அழுத்தம் மிகவும் இறங்காதிருக்க, கரையும் நூலால் குழாயைக் கட்டி அடைப்பார்கள். தகட்டைச் சுற்றித் திசு வளர்ந்த சில வாரங்களில் நூல் கரைந்து வழி திறக்கும்.

நோய் முற்றாதவர்களுக்கு ஐஸ்டென்ட் என்ற சிறு கருவி உண்டு. 2012இல் அமெரிக்கா அனுமதித்த இந்த டைட்டானியக் குழாயின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். கண்புரை அறுவையோடு சேர்த்தே சல்லடைத் திசுவில் பொருத்திவிடலாம். ஆபத்து குறைவு, அழுத்தம் இறங்குவதும் மிதமே.

எந்தக் கருவியும் இழந்த பார்வையை மீட்காது. மிஞ்சியிருப்பதைக் காக்கவே உதவும்.