கணினி இல்லையென்று கலங்க வேண்டாம், கைத்தொலைபேசியே போதும்!



கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஜெஞ்சாரோம் பட்டணத்தைத் தாண்டி, பந்திங் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்திற்குப் போயிருந்தேன். சேமநிதிக் கணக்கில் முதலாளி ஒழுங்காகப் பணம் கட்டுகிறாரா என்று பார்த்துத் தரும்படி உரம் போடும் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய கைத்தொலைபேசியிலேயே 'ஐ-அக்காவுன்' செயலியைத் திறந்து பார்க்கலாம் என்று முயன்றால் சக்கரம் சுற்றுகிறதே தவிர, கணக்கு வரக் காணோம். அந்த லயத்தில் லைன் அப்படி!

"வீட்டில் இன்டர்நெட் போட்டிருப்பதாகச் சொன்னீர்களே, அக்கா?" என்று கேட்டேன்.

"போட்டேன் அண்ணே. போன மாசம் இடி இடிச்சதில ரௌட்டர் கருகிப் போச்சு. கிள்ளான்ல இருக்கிற என் தம்பி புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துச்சு. அதோ கிடக்குது பாருங்க, ஒன்பது நாளா!"

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கப்படாமல் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது.

"ஏன் திறக்கவில்லை?"

"லேப்டாப் வேணுமாமே! கடைக்காரத் தம்பி வந்து செஞ்சு தர 120 வெள்ளி கேக்குது. சம்பளம் போடட்டும்னு இருக்கேன்."

அவருடைய மகன் படிவம் 5 மாணவன். எஸ்.பி.எம். தேர்வு எழுத வேண்டியவன். ஆசிரியர் அனுப்பும் பாடங்களை இறக்கிக்கொள்ள, இரவு எட்டு மணிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய், ஒரு தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறானாம். திரும்பும் வழியோ லாரிகள் பறக்கும் சாலை. "அவன் வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது அண்ணே" என்றார் அந்தத் தாய்.

அந்த ஒரு வார்த்தைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. 120 வெள்ளியும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம். கையிலிருக்கும் தொலைபேசியை வைத்தே அன்று மாலை அந்தப் பெட்டியை ஓட வைத்தோம். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு பெட்டிகளையும் தெரிந்துகொள்வோம்

சுவரில் மெல்லிய ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டி ஒன்று. அது நிறுவனத்தின் பெட்டி. அதற்குள் ஓடுவது கண்ணாடி இழை. அதை மடக்கவோ இழுக்கவோ கூடாது. அந்தப் பெட்டியில் 'பான்' என்ற விளக்கு நிலையாகப் பச்சையாக எரிய வேண்டும். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் கோளாறு வெளிக் கம்பியில் இருக்கிறது. நாம் வீட்டுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

மற்றொன்று ரௌட்டர். கம்பியில் வரும் இன்டர்நெட்டை வைஃபையாக வீடு முழுக்கப் பரப்புவது இதுதான். அக்காவின் வீட்டில் சுவர்ப் பெட்டி நன்றாகவே இருந்தது. கருகியது ரௌட்டர் மட்டும்தான்.

மின்விசையைப் போடுமுன்

ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். அதில் வைஃபையின் பெயர், கடவுச்சொல், உள்ளே நுழைய வேண்டிய முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும் என்பதால் தொலைபேசியால் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ரௌட்டருக்கென்று செயலி ஏதும் இறக்க வேண்டுமானால், லைன் கிடைக்கும் இடத்தில் அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலி இல்லாமலும் வேலை நடக்கும்.

பிறகு, பெட்டியோடு வந்த கம்பியின் ஒரு முனையைச் சுவர்ப் பெட்டியின் முதல் 'லேன்' துவாரத்திலும், மறுமுனையை ரௌட்டரில் 'வான்' என்று எழுதிய துவாரத்திலும் செருகுங்கள். 'வான்' துவாரம் பெரும்பாலும் மற்றவற்றிலிருந்து வேறு நிறத்தில் இருக்கும். இதை மாற்றிச் செருகிவிட்டுத்தான் பலர் மணிக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். இப்போது விசையைப் போட்டு இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள்.

தொலைபேசியை ஏமாற விடாதீர்கள்

அடுத்து வருவதுதான் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம். முதலில் தொலைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பிறகு வைஃபை பட்டியலில் ரௌட்டரின் பெயரைத் தொட்டு, தாளில் உள்ள கடவுச்சொல்லைப் போடுங்கள். இணைந்ததும் தொலைபேசி, "இதில் இன்டர்நெட் இல்லை, அப்படியே இருக்கலாமா?" என்று கேட்கும். இருக்கட்டும் என்று பதில் சொல்லுங்கள். இன்டர்நெட் இன்னும் வரவில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே! ரௌட்டருக்குள் நுழைய இன்டர்நெட் தேவையே இல்லை. டேட்டாவை அணைக்காமல் விட்டால், தொலைபேசி ரௌட்டரை விட்டுவிட்டுப் பழைய லைனுக்கே ஓடிவிடும்.

இனி குரோம் போன்ற உலாவியைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் அந்த எண்ணை அப்படியே அடியுங்கள். ரௌட்டரின் பக்கம் திறக்கும். முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கச் சொல்லும். இது வீட்டுச் சாவி போன்றது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

யார் பெயரில், யார் கையில்?

அடுத்த திரையில் இன்டர்நெட் எந்த வகை என்று கேட்கும். நம் நாட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றுக்குப் 'பிபிபிஓஇ' என்பதைத் தேர்ந்தெடுத்து, நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட வேண்டும். யூனிஃபை இணைப்பானால் இவற்றோடு 'விலேன்' எண்ணாக 500 என்றும் குறிக்க வேண்டும். சில ரௌட்டர்களில் நிறுவனத்தின் பெயரைத் தொட்டாலே இந்த எண் தானாக வந்துவிடும்.

இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்! அந்தப் பயனர் பெயர் அக்காவிடம் இல்லை. தேடிப் பார்த்தால், இணைப்பு எடுத்தபோது விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஓர் ஆள் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியைப் போட்டிருக்கிறார். நிறுவனம் அனுப்பிய விவரமெல்லாம் அவருக்குப் போயிருக்கிறது. மாதாமாதம் பணம் கட்டுவது இவர். சாவி இருப்பதோ அவர் கையில்!

நல்ல வேளையாகக் கணக்கு அக்காவின் பெயரிலேயே இருந்தது. நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அழைத்து, அடையாள அட்டை எண்ணைச் சொல்லி, மின்னஞ்சலை மகனுடையதாக மாற்றி, கடவுச்சொல்லையும் புதிதாக வாங்கினோம். மலாய் சரியாகப் பேச வராது என்று முதலில் தயங்கியவர், பிறகு தாமே பேசி முடித்தார். நாற்பது நிமிடம் பிடித்தது.

ஆகவே சகோதரர்களே, விண்ணப்பம் எழுதும்போது யார் உதவினாலும் சரி, பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் குடும்பத்தினுடையதாக இருக்கட்டும். கையெழுத்துப் போடுமுன் இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் 24 மாத ஒப்பந்தம் உண்டு. இடையில் நிறுத்தினால் தண்டம் கட்ட நேரிடும். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் இருப்போர், தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு உலவும் இடத்தில் வாழ்வோர் ஆகியோர், வீடு மாறினால் இணைப்பையும் மாற்ற முடியுமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தகையவர்களுக்கும், ஃபைபர் கம்பி எட்டாத லயங்களுக்கும், சிம் அட்டை போடும் ரௌட்டர் ஏற்றதாக இருக்கலாம். ஒப்பந்தமில்லாத திட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதற்குப் பயனர் பெயர் தேவைப்படாது. சிம் அட்டையைச் செருகி, லைன் நன்றாகக் கிடைக்கும் சன்னல் ஓரத்தில் வைத்து, மற்றதையெல்லாம் இதே முறையில் செய்யலாம். ஆனால் உங்கள் லயத்தில் எந்த நிறுவனத்தின் லைன் நன்றாகக் கிடைக்கிறது என்று அக்கம்பக்கத்தாரின் தொலைபேசிகளில் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பூட்டு போட மறவாதீர்கள்

கடைசியாக வைஃபைக்குப் புதுப் பெயரும் புதுக் கடவுச்சொல்லும் இடுங்கள். பாதுகாப்பு வகை 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' என்று இருக்கட்டும். பிள்ளையின் பிறந்த நாளையோ வீட்டு எண்ணையோ கடவுச்சொல்லாக வைத்தால் பக்கத்து வீட்டுச் சிறுவனே கண்டுபிடித்துவிடுவான். சேமித்ததும் தொலைபேசியின் தொடர்பு அறுந்துபோகும். பயப்படாதீர்கள்! பூட்டை மாற்றினோம், பழைய சாவி சேரவில்லை, அவ்வளவுதான். புதுக் கடவுச்சொல்லைப் போட்டு மறுபடி இணைந்துகொள்ளுங்கள். மொபைல் டேட்டா அணைந்திருக்கும்போதே ஒரு காணொளி ஓடினால் வெற்றி!

பட்டியலில் ஒரே ரௌட்டருக்கு இரண்டு பெயர்கள் தெரியலாம். 2.4 என்பது தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5 என்பது வேகமானது, ஆனால் தூரம் போகாது. பாடம் படிக்கும் அறை தள்ளியிருந்தால் 2.4-ஐப் பயன்படுத்துங்கள். ரௌட்டரை வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வையுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னாலும் இரும்பு அலமாரிக்குள்ளும் வைத்தால் அதன் சக்தி அங்கேயே மடங்கிவிடும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் விசையை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். விசையை மட்டும் அணைத்தால் மின்னல் விடாது!

ரௌட்டருக்குப் பின்னால் ஊசி நுழையும் துவாரம் ஒன்று இருக்கும். பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு அது கடைசி வழி. ஆனால் நிறுவனத்தின் பயனர் பெயர் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. "உங்கள் ரௌட்டரைச் சரிசெய்கிறோம்" என்று யாரோ அழைத்து, தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். ஏமாந்து வங்கிப் பணம் போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழையுங்கள்.

இது ஆடம்பரமா?

நிற்க. "இன்டர்நெட் எல்லாம் நமக்கு எதற்கு, அரிசி பருப்பு வாங்கவே சம்பளம் போதவில்லையே" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய வேதனை எனக்கும் தெரிந்ததே. ஆனால் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிக்கூடம் கைத்தொலைபேசிக்குள் புகுந்தபோது யார் பிள்ளை பின்தங்கியது? அந்த ஆண்டு சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுத லைன் கிடைக்க வேண்டி மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்தாரே, நாடே பார்த்ததல்லவா!

1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் முன்னோர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சம்பளம் மட்டுமா இருந்தது? பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்றார்கள். வெளியுலகம் தோட்டத்தின் வாசலில் நின்றுவிடக் கூடாது என்பது அவர்களுடைய எண்ணம். இன்று அந்த வெளியுலகம் இன்டர்நெட் வழியாக வருகிறது.

தோட்ட வீடுகளுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. இன்டர்நெட் அதில் இல்லை. உங்கள் லயத்துக்குக் கம்பி எட்டவில்லையென்றால், வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் புலம்பாமல், எத்தனை வீடுகள், பள்ளி செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிச் சங்கக் கிளைக் கூட்டத்தில் வையுங்கள். நிர்வாகத்திடமும், தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும், தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோக ஒரு தாளாவது நம் கையில் இருக்க வேண்டும்.

அன்று இரவு எட்டரை மணி இருக்கும். ஐ-அக்காவுன் திறந்தது. மூன்று மாதத்துச் சந்தா குறைவாகப் போயிருப்பதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தோம். அதற்கான புகாரை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கம்போல் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்த மகனிடம், "எங்கடா கிளம்புற? உக்காந்து படி!" என்றார் அக்கா. பையன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் பிரிக்காத ஒரு பெட்டி. "எனக்கும் செஞ்சு குடுங்க தம்பி" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அக்காதான் எழுந்தார். "குடுங்க, நான் செய்யறேன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.