போர் நின்னுடுச்சு, அப்புறம்? போஸ்னியாவில் எட்டு நாள்

போஸ்னியா போய்ட்டு வந்தேன்னு போன எபிசோட்ல சொன்னதும், "போர் நடந்த நாடாச்சே, இப்போ எப்படி இருக்கு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கான பதில்தான் இது.

வெளியில இருந்து பார்த்தா சரயேவோ ரொம்ப இயல்பான ஊர். டிராம் ஓடுது. சின்னச் செம்புப் பாத்திரத்துல காபி வருது, அதை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுறாங்க. ஆனா கீழ பார்த்து நடந்தீங்கன்னா, ஷெல் விழுந்து சிதறின குழிகள்ல சிவப்புப் பிசின் ஊத்தி வெச்சிருக்கிறது தெரியும். அதுக்கு 'சரயேவோ ரோஜா'ன்னு பேர். 1992 ஏப்ரல்ல இருந்து 1996 பிப்ரவரி வரை, 1,425 நாள் இந்த ஊர் முற்றுகையில இருந்துச்சு.

யூகோஸ்லாவியா உடைஞ்சப்போ வந்த போர் அது. போஸ்னியாக்கள், செர்பியர்கள், குரோவேஷியர்கள்னு மூணு தரப்பு. சுமார் 1 லட்சம் பேர் இறந்தாங்க. 1995 ஜூலையில ஸ்ரெப்ரெனிட்சாவில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டாங்க.

அதே வருஷம் நவம்பர்ல, அமெரிக்காவின் டேட்டன் நகரத்துல பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. அந்த ஒப்பந்தத்தோட நாலாவது இணைப்புதான் இன்னைக்கும் அந்த நாட்டோட அரசியலமைப்பு! நம்ம வேலையில நடக்குமே, ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துடும், அவசரமா ஒரு பேட்ச் போடுவோம். அது வேலை செய்யும். அப்புறம் அதைத் தொட்டா என்ன உடையுமோன்னு யாரும் கைவைக்க மாட்டாங்க. டேட்டன் அந்த மாதிரி. ஆனா ஒண்ணு, அந்த பேட்ச் கொலைகளை நிறுத்துச்சு. அதைக் குறைச்சு மதிப்பிடக் கூடாது.

அது எப்படி இயங்குதுன்னு பாருங்க. ஒரு ஜனாதிபதி இல்ல, மூணு பேர். தரப்புக்கு ஒருத்தர். தலைமை 8 மாசத்துக்கு ஒருமுறை கைமாறும். நாடு ரெண்டு பெரிய பகுதி, அதுல ஒண்ணுக்குள்ள 10 மாகாணம், தனியா பிர்ச்கோன்னு ஒரு மாவட்டம். இதுக்கெல்லாம் மேல வெளிநாட்டுப் பிரதிநிதி ஒருத்தர். அவரால சட்டமே போட முடியும். சிகரெட் பாக்கெட்ல 'புகைத்தல் கொல்லும்'னு மூணு மொழியில எழுதியிருக்கும். அதுல ரெண்டு வரி எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. மூணாவதும் அதே வார்த்தைதான், சிரிலிக் எழுத்துல.

கேட்கச் சிரிப்பா இருக்கும். ஆனா யூதரோ ரோமாவோ அந்த மூணு இடத்துக்கும் போட்டியிட முடியாது. சரயேவோவில் குடியிருக்கிற செர்பியராலும் முடியாது, ஏன்னா செர்பிய உறுப்பினர் இன்னொரு பகுதியில இருந்துதான் வரணும். செய்டிச், ஃபின்சின்னு ரெண்டு பேர் வழக்குப் போட்டு, 2009-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. அரசியலமைப்பு இன்னும் மாறல. மாத்தணும்னா மூணு தரப்புக் கட்சிகளும் ஒத்துக்கணும். பயத்தைக் காட்டி ஓட்டு வாங்குற கட்சிக்கு அதுல என்ன லாபம்?

எனக்கு ரொம்ப உறுத்தினது பள்ளிக்கூடம். சில ஊர்கள்ல ஒரே கட்டடத்துக்குள்ள ரெண்டு பள்ளி. ரெண்டு பாடத்திட்டம், சில இடத்துல வாசல்கூட வேற. அகதிகளா போனவங்க திரும்பி வரட்டும்னு தற்காலிகமா கொண்டுவந்த ஏற்பாடு, நிரந்தரம் ஆயிடுச்சு.

ஆனா சின்னச் சின்னதா சில விஷயம் மாறியிருக்கு. முன்னாடி வண்டி நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே எந்தப் பகுதின்னு தெரியும். அதனால எல்லை தாண்டி ஓட்டவே பயந்தாங்க. 1998-ல, லத்தீன், சிரிலிக் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிற எழுத்துகளை மட்டும் வெச்சு புது பிளேட் கொடுத்தாங்க. பயம் குறைஞ்சு ஜனங்க அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சாங்க.

யாய்ட்செங்கிற ஊர்ல, இனவாரியாப் பிரிச்சுத் தனியா ஒரு பள்ளி ஆரம்பிக்கத் திட்டம் போட்டாங்க. எதிர்த்துத் தெருவுக்கு வந்தது அங்க படிக்கிற மாணவர்களே. 2017-ல அந்தத் திட்டம் கைவிடப்பட்டுச்சு. அவங்க யாருக்கும் போர் ஞாபகம் கிடையாது, அது முடிஞ்ச பிறகு பிறந்த பசங்க. போஸ்னியா எப்படி இருக்குன்னு யாராவது கேட்டா, நான் முதல்ல சொல்றது இவங்களைப் பத்தித்தான்.

உங்க கேள்விகளை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.