606 பாயின்ட் எடுத்த டீமை எப்படித் தடுக்கிறது? சியாட்டில் ரசிகர்களைத் தூங்கவிடாத இரண்டு வாரங்கள்!

பெரிய மேட்ச் ஒன்று நெருங்கும்போது ரசிகர்கள் சொந்த டீமைவிட எதிர் டீமைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். 'அந்த ஆளை எப்படி அவுட் ஆக்கப்போறாங்க?' என்று கவலைப்படாத கிரிக்கெட் ரசிகர் உண்டா? 2014 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரமும் இப்படித்தான் தவித்தது. அங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'மேனிங்கை எப்படி நிறுத்தப்போறோம்?'

அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிப்போட்டிக்குப் பெயர் சூப்பர் பௌல். அந்த ஆண்டு சியாட்டில் சீஹாக்ஸும் டென்வர் பிராங்கோஸும் ஜனவரி 19-ம் தேதி அதற்குத் தகுதி பெற்றன. இறுதிப்போட்டி பிப்ரவரி 2. நடுவில் இரண்டு வாரங்கள். பயப்படுவதற்கும் சண்டை போடுவதற்கும் தாராளமான நேரம்!

யார் இந்த மேனிங்?

இந்த விளையாட்டில் ஒரு டீமுக்குள் இரண்டு படைகள் உண்டு. பந்து கையில் இருக்கும்போது தாக்குதல் படை இறங்கும். எதிரணியிடம் பந்து இருந்தால் தடுப்புப் படை இறங்கும். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும். இப்படியே எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 பாயின்ட். இதை முன்னின்று நடத்துபவர்தான் குவாட்டர்பேக். பந்தை யாருக்கு, எப்போது வீசுவது என்பது அவர் கையில்.

டென்வரின் குவாட்டர்பேக் பெய்ட்டன் மேனிங். கழுத்தில் பல அறுவை சிகிச்சைகள் நடந்து, 2011 சீசன் முழுக்க ஆட முடியாமல்போனவர். பழைய டீம் அவரை விடுவித்தது. 'அவ்வளவுதான்' என்று பலர் நினைத்தபோது டென்வருக்கு வந்தார். 2013 சீசனில் 55 டச் டவுன் பாஸ், 5,477 யார்டு என இரண்டிலும் புதிய சாதனை. 16 ஆட்டங்களில் டென்வர் குவித்தது 606 பாயின்ட். அதற்கு முன் எந்த டீமும் 600-ஐத் தொட்டதில்லை.

இரண்டு கட்சிகள்

பயந்தவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. டென்வரில் ஐந்து வீரர்கள் தலா 10 டச் டவுனுக்குக் குறையாமல் எடுத்திருந்தார்கள். ஒருவரை மடக்கினால் இன்னொருவர் ஓடுவார். சியாட்டிலின் ரிச்சர்ட் ஷெர்மன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு பக்கத்தைத்தானே காக்க முடியும்? மேனிங்கை நெருங்கி மடக்கலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. கையில் பந்து வந்த வேகத்தில் வீசிவிடுவார்.

எதிர்க் கட்சி வேறு கணக்கு வைத்திருந்தது. அந்த சீசனில் எதிரணிகளுக்குக் குறைவான பாயின்ட் கொடுத்தது, குறைவான யார்டு கொடுத்தது, அதிகமாகப் பந்தைப் பறித்தது என மூன்றிலும் சியாட்டில்தான் முதலிடம். ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக 14 பாயின்ட் சொச்சம்தான் விட்டுக்கொடுத்திருந்தது. வரலாறும் கைகொடுத்தது. 2007 சீசனில் 589 பாயின்ட் எடுத்து மிரட்டிய நியூ இங்கிலாந்து, இறுதிப்போட்டியில் 14 பாயின்ட்டோடு தோற்றுப்போனதே!

இவர்களில் நுணுக்கமாகப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். டென்வரின் பாஸ்கள் பல, பக்கத்திலேயே வீசப்படும் சின்னச் சின்ன பாஸ்கள். பிடித்தவர் அதற்குப் பிறகு ஓடி எடுக்கும் தூரம்தான் அவர்களின் பலம். பிடித்த இடத்திலேயே ஆளைச் சாய்த்துவிட்டால்?

பயத்துக்குப் பின்னால்...

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு மேட்ச். சியாட்டிலுக்கு அப்படியில்லை. 1976-ல் தொடங்கிய சீஹாக்ஸ் ஒருமுறைகூட சூப்பர் பௌல் வென்றதில்லை. 2006-ல் இறுதிவரை போய்த் தோற்றது. 1979-ல் நகரத்துக்கு பாஸ்கெட்பால் கோப்பையை வாங்கித் தந்த சூப்பர்சோனிக்ஸ் டீமோ 2008-ல் ஊரைவிட்டே போய்விட்டது. ஆசை பெரியது என்பதால் பயமும் பெரியதாக இருந்தது.

அந்த 12 விநாடி

நியூ ஜெர்சி மெட்லைஃப் ஸ்டேடியம். ஆட்டத்தின் முதல் முயற்சி. சக வீரர்களிடம் ஏதோ சொல்வதற்காக மேனிங் முன்னால் நடந்து வருகிறார். அதற்குள் பந்து பின்னோக்கி வந்து, அவரைத் தாண்டி டென்வரின் எல்லைக் கோட்டுக்குள் விழுகிறது. 12 விநாடிகளில் சியாட்டிலுக்கு 2 பாயின்ட்! ரசிகர்களின் கூச்சலில் மேனிங்கின் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று டென்வர் தரப்பு பிறகு சொன்னது. களத்தில் 11 பேர் ஆடும் இந்த விளையாட்டில், 12-ம் எண் ஜெர்ஸியை 1984-லேயே ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய டீம் சீஹாக்ஸ். அந்தப் 12-வது ஆள் அன்று நிஜமாகவே ஆடிவிட்டார்.

மற்றதெல்லாம் எதிர்க் கட்சி சொன்னபடியே நடந்தது. டென்வர் வீரர்கள் பந்தைப் பிடித்தார்கள். பிடித்த இடத்திலேயே விழுந்தார்கள். மேனிங் 34 பாஸ்களைச் சரியாகச் சேர்த்தார், அது அப்போது சூப்பர் பௌல் சாதனை. ஆனாலும் மூன்றாவது கால் பகுதி முடியும்வரை டென்வருக்கு ஒரு பாயின்ட்கூட இல்லை. சியாட்டிலின் மால்கம் ஸ்மித், மேனிங் வீசிய பந்தைப் பறித்து 69 யார்டு ஓடி டச் டவுன் எடுத்தார். ஆட்ட நாயகனும் அவரே. முடிவு 43-8.

மூன்று நாள் கழித்து நடந்த வெற்றி ஊர்வலத்துக்கு சுமார் 7 லட்சம் பேர் திரண்டார்கள் என்று அப்போது கணித்தார்கள். சியாட்டில் நகரின் மக்கள்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

கதை இன்னும் முடியவில்லை

2016 பிப்ரவரி. மீண்டும் சூப்பர் பௌலில் டென்வர். மேனிங்குக்கு வயது 39, பழைய வேகம் இல்லை. எதிரே, அந்த சீசனில் 500 பாயின்ட் குவித்து முதலிடம் பிடித்த கரோலினா பேந்தர்ஸ். இந்த முறை 'கேம் நியூட்டனை எப்படி நிறுத்தப்போறோம்?' என்று நகம் கடித்தவர்கள் டென்வர் ரசிகர்கள். இப்போது டென்வரின் தடுப்புப் படை கரோலினாவை மடக்க, 24-10 என்று வென்று, கோப்பையோடு ஓய்வுபெற்றார் மேனிங்.

எதிரி எத்தனை பாயின்ட் எடுத்தான் என்று பார்த்தால் பயம்தான் வரும். எப்படி எடுத்தான் என்று பார்த்தால் வழி தெரியும். அடுத்த பெரிய மேட்ச்சுக்கு முந்தைய இரவு தூக்கம் வரவில்லையா? நண்பர்களோடு இந்த இரண்டாவது கேள்வியைப் பேசிப் பாருங்கள்!