லைசென்ஸ் வேண்டாம் என்கிறது மாநிலம்... பள்ளி வழியே போனால் 5 ஆண்டு சிறை என்கிறது ஃபெடரல் சட்டம்! அமெரிக்காவின் 1,000 அடி குழப்பம்

டெக்சாஸில் 21 வயது நிரம்பிய ஒருவர், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை எதுவும் இல்லாதவர் என்றால், குண்டு போட்ட கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் வைத்து, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு காரை எடுக்கலாம். லைசென்ஸ் வேண்டாம். பயிற்சி வகுப்பு வேண்டாம். 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே இதுதான் சட்டம்.

கார் கிளம்புகிறது. இரண்டாவது சிக்னல் தாண்டியதும் வலதுபக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. அந்த நிமிடத்தில், டெக்சாஸ் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யாத அந்த ஆள், அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி (நம்மூர் கணக்கில் மத்திய அரசின் சட்டம்) 5 ஆண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய ஒரு குற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறார். பள்ளிக்குள் அவர் நுழையவில்லை. வண்டியை நிறுத்தக்கூட இல்லை.

அதெப்படி?

ரோட்டையும் வளைத்த சட்டம்

1990-ல் சீனியர் புஷ் அதிபராக இருந்தபோது வந்தது ‘துப்பாக்கி இல்லா பள்ளி மண்டலச் சட்டம்’. பள்ளி வளாகம் மட்டுமல்ல, வளாகத்தின் எல்லையிலிருந்து 1,000 அடி வரை, அதாவது சுமார் 305 மீட்டர் வரை, எல்லாமே ‘பள்ளி மண்டலம்’. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, சர்ச் நடத்தும் பள்ளி என்ற வித்தியாசம் கிடையாது. 12-ம் வகுப்பு வரை உள்ள பள்ளிகள் மட்டும்தான். கல்லூரிகள் இதில் வராது.

அந்த 1,000 அடி எங்கிருந்து வந்தது? பள்ளி அருகே போதைப்பொருள் விற்றால் தண்டனையை இரட்டிப்பாக்க 1984-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் இதே 1,000 அடிதான். போதை வியாபாரி தெருமுனையில் நின்று விற்பவர். அவருக்கு அந்த அளவு பொருந்தும். ஆனால் கார் ஓட்டிப் போகிறவருக்கு 305 மீட்டர் என்பது சில விநாடிகள். நுழைந்ததும் தெரியாது, வெளியேறியதும் தெரியாது. எல்லையில் போர்டு வைத்தால் நல்லது என்று 1990 சட்டம் ஊக்கப்படுத்தியது, கட்டாயமாக்கவில்லை. பள்ளி அருகே ‘மெதுவாகப் போகவும்’ என்று இருக்கும் போர்டுக்கும் இந்த எல்லைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு பாதுகாப்பு உண்டு. அது பள்ளி மண்டலம் என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க நியாயமான காரணமாவது இருக்க வேண்டும். வெளியூர்க்காரர் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். தினமும் அதே வழியில் ஆபீஸ் போகிறவர் சொன்னால் எடுபடுமா?

தனியார் இடங்களுக்கு விலக்கு இருக்கிறது. பள்ளிக்கு எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்கலாம். பக்கத்துக் கடையின் பார்க்கிங்கில்கூட இந்தச் சட்டம் பாயாது. ஆனால் வீட்டிலிருந்து கடைக்குப் போக நடுவில் இருக்கும் பொதுச்சாலைதான் சிக்கல். ஊருக்குள் ஓடும் சாலைகளில் பாதி ஏதாவது ஒரு பள்ளியைத் தொட்டுக்கொண்டுதானே போகும்?

தப்பிக்க இரண்டே வழி

சட்டத்தில் விதிவிலக்குகள் பல. பணியில் இருக்கும் போலீஸ், பள்ளியோடு ஒப்பந்தம் செய்த பாதுகாவலர், பள்ளி அனுமதித்த நிகழ்ச்சி என்று பட்டியல் போகும். சாதாரண வாகன ஓட்டிக்கு உதவுபவை இரண்டுதான்.

ஒன்று, துப்பாக்கியில் குண்டு இல்லாமல், பூட்டிய பெட்டியிலோ வண்டியில் பொருத்திய பூட்டுள்ள ரேக்கிலோ வைப்பது. டாஷ்போர்டு அறையில் போட்டுப் பூட்டினால் போதுமே என்று நினைப்பவர்கள் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோவது பற்றிய 1986 சட்டம், டாஷ்போர்டு அறையையும் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் பெட்டியையும் ‘பூட்டிய பெட்டி’யாக ஏற்க முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தனிப்பெட்டிதான் பத்திரம்.

தற்காப்புக்கென்று துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்காது. காலித் துப்பாக்கியைப் பூட்டி வைத்து என்ன பிரயோஜனம் என்பது அவர்கள் கேள்வி. இன்னொன்றும் இருக்கிறது. பள்ளி வரும் முன் ஓரங்கட்டி, குண்டை எடுத்து, பூட்டி, தாண்டியதும் மறுபடி போட்டு... ரோட்டோரம் இப்படித் துப்பாக்கியை மாற்றி மாற்றிக் கையாள்வது, அதை உறையிலேயே விட்டுவிட்டுப் போவதைவிட ஆபத்தான வேலை.

இரண்டாவது வழி, லைசென்ஸ். ஆனால் இங்கே வாசகத்தைக் கவனிக்க வேண்டும். பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, *அந்த* மாநிலமோ அதன் உள்ளாட்சியோ கொடுத்த லைசென்ஸாக இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் காவல்துறை தகுதியைச் சரிபார்ப்பதும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

குழப்பம் முழுக்க இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது. 1990-ல் லைசென்ஸே இல்லாமல் மறைத்துத் துப்பாக்கி எடுத்துப்போக அனுமதித்த மாநிலம் வெர்மான்ட் மட்டும்தான். 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா, 2021-ல் டெக்சாஸ், 2023-ல் ஃபுளோரிடா என்று ஒவ்வொன்றாக ‘லைசென்ஸ் வேண்டாம்’ பக்கம் சாய்ந்தன. 2024 ஜூலையில் லூசியானா சேர்ந்தபோது எண்ணிக்கை 29. மாநிலங்கள் கெடுபிடியைத் தளர்த்தத் தளர்த்த, ஃபெடரல் சட்டத்தில் மாட்டக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை என்று மாநிலம் சொன்னதை நம்பியவரிடம், பள்ளி மண்டலத்தில் காட்ட எந்தக் காகிதமும் இல்லை.

அதனால்தான் டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற மாநிலங்கள் விருப்பப்பட்டவர்களுக்கு இன்றும் லைசென்ஸ் கொடுக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் கட்டணம் கட்டி வாங்கியும் வைத்துக்கொள்கிறார்கள். வெர்மான்ட் நிலைமைதான் பரிதாபம். அங்கே லைசென்ஸ் என்ற ஏற்பாடே கிடையாது, வாங்க நினைத்தாலும் வாங்க முடியாது. துப்பாக்கிக்கு அதிகச் சுதந்திரம் கொடுத்த மாநிலத்துக்காரருக்குப் பள்ளி ரோட்டில் பூட்டிய பெட்டி ஒன்றுதான் கதி. மொன்டானா ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள எல்லோரும் இந்த ஃபெடரல் சட்டத்தின் நோக்கத்துக்காக லைசென்ஸ் பெற்றவர்களாகவே கருதப்படுவார்கள் என்று தன் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டது. யாரையும் சரிபார்க்காமல் எல்லோரையும் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று சொன்னால் செல்லுமா? இந்தக் கேள்வி வழக்காகி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது.

பக்கத்து மாநிலத்துக்குப் போகிறவருக்கு இன்னொரு பொறி. ஒரு மாநிலத்தின் லைசென்ஸை மற்றொரு மாநிலம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு பரவலாக உண்டு. ஆனால் அப்படி ஏற்றுக்கொள்வது, அந்த மாநிலமே லைசென்ஸ் கொடுத்ததற்குச் சமம் ஆகாது என்பது துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் ஏ.டி.எஃப் அமைப்பின் நிலைப்பாடு. பணியில் இல்லாத போலீஸ்காரர்களும் தப்பவில்லை. நாடு முழுக்கத் துப்பாக்கியோடு போக அவர்களுக்கு 2004-ல் தனிச் சட்டம் வந்தது. அது மாநிலச் சட்டங்களிலிருந்துதான் காப்பாற்றும், இந்த ஃபெடரல் சட்டத்திலிருந்து அல்ல.

ஒருமுறை செத்துப் பிழைத்த சட்டம்

1992 மார்ச்சில், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 12-ம் வகுப்பு மாணவர் ஒருவர் 0.38 காலிபர் கைத்துப்பாக்கியோடும் 5 குண்டுகளோடும் பள்ளிக்கு வந்து பிடிபட்டார். லோபஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பள்ளியில் துப்பாக்கி இருந்தால் படிப்பு கெடும், படிப்பு கெட்டால் பொருளாதாரம் கெடும், ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்துக்குள் வரும் என்று அரசு வாதாடியது. அந்த லாஜிக்கில் போனால் ஃபெடரல் அரசு தலையிட முடியாத விஷயமே இருக்காதே என்றது நீதிமன்றம். 1995 ஏப்ரலில் 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டம் விழுந்தது. காங்கிரஸின் வணிக அதிகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது கிட்டத்தட்ட 60 ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஒரே ஒரு மாற்றம்: அந்தத் துப்பாக்கி எப்போதாவது மாநில எல்லையைத் தாண்டி வந்ததாக இருக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் தயாராகி இன்னொரு மாநிலத்தில் விற்கப்படுவதுதான் வழக்கம் என்பதால், நடைமுறையில் இது பெரிய தடையே இல்லை. கீழமை ஃபெடரல் நீதிமன்றங்கள் இந்தப் புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டன.

ரோட்டில் போகிற எல்லோரையும் நிறுத்திப் பிடிக்கிறார்களா? இல்லை. பெரும்பாலும் வேறு விஷயத்தில் சிக்கியவர் மீது கூடுதலாகச் சேர்க்கும் பிரிவாகத்தான் இது வருகிறது. அதுவே ஆபத்தும்கூட. யார் மீது பாயும் என்பது அரசு வழக்கறிஞரின் விருப்பத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட வேலியை எதிர்ப்பதா என்ற சங்கடத்தால், தவறான இடத்தில் நிற்கும் வேலியைத் தள்ளிப் போடக்கூட ஆளில்லை. வெளிமாநில லைசென்ஸுக்கு நாடு முழுக்க அங்கீகாரம் தரும் மசோதா, இந்தச் சட்டத்திலிருந்து விலக்கும் சேர்த்து, 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் நகரவில்லை.

பிள்ளையை இறக்கிவிடும்போது?

ஃபெடரல் விலக்கு கிடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மாநிலச் சட்டம் தனி. விர்ஜினியாவில் லைசென்ஸ் உள்ள பெற்றோர் மறைத்துவைத்த கைத்துப்பாக்கியோடு பள்ளி பார்க்கிங் வரை வரலாம், காருக்குள்ளேயே இருக்கும்வரை. பிள்ளை மறந்துவிட்டுப் போன லஞ்ச் பையைக் கொடுக்கத் துப்பாக்கியோடு இறங்கினால் குற்றம். கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் இருந்தாலும் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுபோக 2016 முதல் தடை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாக ஃபெடரல் குற்றம். மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான தண்டனை பெற்றால், குடியுரிமை இல்லாதவரை நாடு கடத்த அதுவே முகாந்திரம் ஆகும். நண்பரின் காரில் சும்மா ஏறி உட்கார்ந்ததால் மட்டும் யாரும் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் இருக்கைக்கு அடியில் துப்பாக்கி இருப்பது தெரிந்தும், அதை எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இருந்தும் பயணம் செய்தால், கையில் பிடிக்காவிட்டாலும் அது ‘வைத்திருந்தது’தான் என்று அரசுத் தரப்பு வாதாட இடமுண்டு. வார இறுதியில் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடும் நண்பரிடம், துப்பாக்கி டிக்கியில் பூட்டித்தானே இருக்கிறது என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.