கஜானா பணமும் கடைசல் பட்டறையும்

இரும்பு வெட்டும் இயந்திரத்துக்கு எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அரசுப் பணம். 1949-இல் அமெரிக்க விமானப்படை, மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில் ஹெலிகாப்டர் இறகுகள் செய்துவந்த ஒரு பட்டறை அதிபருக்கு 2 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. இறகின் வளைவைத் தகட்டில் வரைந்து, வெட்டி, அரம் போட்டு ஒப்பேற்றுவதுதான் அதுவரை இருந்த வழி. அவரோ அலுவலகக் கணக்குப் பார்க்கும் துளையட்டை இயந்திரத்தை வைத்து, வளைவின் மேல் நெருக்கமாகப் புள்ளிகளைக் கணக்கிட்டார். வெட்டும் கருவி அந்தப் புள்ளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் வளைவு கிடைத்துவிடும். இடையே நிற்கும் மேடுகளைக் கையால் ராவிவிடலாம். அவர் மனத்தில் இருந்த இயந்திரம் எளியது.

உதவிக்கு அழைக்கப்பட்ட எம்.ஐ.டி. ஆய்வகம் அந்த எளிமையோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் பீரங்கிகளைத் தானாகத் திருப்பும் கருவிகளில் கைதேர்ந்த இடம் அது. புள்ளி புள்ளியாக ஏன் போக வேண்டும், மூன்று அச்சுகளிலும் ஒரே நேரத்தில் இடைவிடாமல் நகரலாமே என்று திட்டத்தை விரித்தது. 1952 செப்டம்பரில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட மில்லிங் இயந்திரம், துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள். இதற்குள் பணம் நேரே ஆய்வகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது. யோசனைக்குச் சொந்தக்காரர் வெளியே நின்றார். 1958-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது என்பதுதான் ஆறுதல்.

எதைச் செய்வது என்ற கேள்விக்கு, பணம் கொடுப்பவரின் தேவையே பெரும்பாலும் பதிலாகிவிடுகிறது. விமானப்படைக்கு வேண்டியவை அதிவேக விமானங்களின் இறக்கைச் சட்டங்கள். முழு அலுமினியப் பாளத்திலிருந்து குடைந்தெடுக்க வேண்டியவை. அதற்கு இடைவிடாத நகர்வு தேவை. சாதாரணப் பட்டறையின் அன்றாடமோ துளை போடுவது, நேர்கோட்டில் சீவுவது, மரை வெட்டுவது. அதனால் 1950களின் நடுவில் புதிய இயந்திரத்தை விரும்பி வாங்க ஆளில்லை. விமானப்படையே நூற்றுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை வாங்கி, விமான ஆலைகளில் தன் செலவில் நிறுவியது. ஆராய்ச்சிக்கும் அரசு, கொள்முதலுக்கும் அரசு. விலை குறைய வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை.

நாடாவில் துளையிட வேண்டிய எண்களைக் கையால் கணக்கிட்டு மாளாது என்றானதும், அதற்கும் ஒரு கணினி மொழி அரசு நிதியில் உருவானது. ஏ.பி.டி. என்ற அந்த மொழி 1959 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகமானபோது, அதன் கட்டளைப்படி வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணம் ஆளுக்கொன்று பரிசாகக் கிடைத்தது. கிண்ணத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மொழியைப் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது. அதை ஓட்ட அன்றைய பெருங்கணினி வேண்டும்.

வேறொரு வழியும் 1940களின் இறுதியிலேயே கைவசம் இருந்தது. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைத் தன் கையால் செய்வார். இயந்திரத்தின் அசைவுகள் காந்த நாடாவில் பதிவாகும். அடுத்தடுத்த உருப்படிகளை நாடா செய்யும். கச்சேரியை ஒலிப்பதிவு செய்வது போன்ற வேலை. பெருங்கணினி வேண்டாம், ஆளின் கைப்பக்குவமும் வீணாகாது. கையால் வெட்ட முடியாத வளைவை இந்த முறையால் பதிய முடியாது என்பது உண்மையான குறை. ஆனால் அப்படிப்பட்ட வளைவைத் தேடிச் சாதாரணப் பட்டறைக்கு யாரும் வருவதில்லை. பொதுப்பணம் வேறு பக்கம் பாய்ந்ததால் இந்த முறை வாடிப்போனது. தொழிலாளியின் கையில் இருந்த வேலையை அலுவலக மேசைக்கு மாற்ற நிர்வாகங்கள் விரும்பியதும் ஒரு காரணம் என்று தொழில்நுட்ப வரலாறு எழுதியவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். கையைப் பிடித்து நகர்த்திக் கற்றுக்கொடுக்கும் ரோபோக்கள் இன்று புதுமை என்று விற்பனைக்கு வருவதைப் பார்க்கையில் அந்த வாதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியவில்லை.

எண்களைப் படித்து இயந்திரத்தை ஓட்டும் இந்த எண்வழிக் கட்டுப்பாடு சிறு பட்டறைக்குள் இறங்கி வந்ததில் ஜப்பானுக்குப் பெரும் பங்கு உண்டு. 1970களில் மைக்ரோபிராசஸர் வந்ததும், சிறிய, விலை குறைந்த சி.என்.சி. (கணினிவழி எண் கட்டுப்பாட்டு) லேத்துகளை அந்நாட்டு ஆலைகள் குறிவைத்துச் செய்தன. அங்கும் அரசு இருந்தது, வேறு வேடத்தில். மாகாணங்கள் நடத்தும் பொதுச் சோதனை நிலையங்களுக்குச் சிறு பட்டறைக்காரர் தன் உருப்படியோடு போகலாம். அளந்து பார்க்கலாம், விலையுயர்ந்த கருவியை ஓட்டிப் பார்க்கலாம், ஆலோசனை கேட்கலாம். 1982 முதல் 2008 வரை இயந்திரக் கருவி உற்பத்தியில் உலகில் முதலிடம் ஜப்பானுக்கே. இதற்கு நாணய மதிப்பு, வங்கிக் கடன், கார் தொழிலின் வளர்ச்சி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கண்டுபிடிப்புக்குச் செலவழித்தவர்கள் சந்தையில் பின்தங்கியது கவனிக்க வேண்டிய விஷயம்.

பொதுப்பணத்தை ஆலைவரை கொண்டுசேர்க்கும் கணக்கை ஜெர்மனி இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தது. 1949-இல் தொடங்கிய ஃபிரான்ஹோஃபர் ஆய்வு அமைப்புக்கு அரசின் அடிப்படை நிதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தை ஒப்பந்த ஆய்வுகளால் சம்பாதிக்க வேண்டும். ஆய்வாளர் ஆலை வாசலுக்குப் போயே ஆக வேண்டிய ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒப்பந்தம் போடப் பணமுள்ள வாசலுக்கே கால்கள் முதலில் போகும். மற்ற வழி அதிகம் பேசப்படாதது: 1954 முதல் நடக்கும் கூட்டுத் தொழில் ஆராய்ச்சி. ஒரு துறையின் நிறுவனங்கள் தங்கள் சங்கத்தின் வழியாக எல்லாருக்கும் பொதுவான சிக்கலை முன்வைக்கின்றன. அரசு பணம் தருகிறது. முடிவுகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. தனியே ஆய்வுக்கூடம் வைக்க வசதியில்லாதவருக்கென்றே அமைந்த ஏற்பாடு இது.

2011-இல் ஹானோவர் கண்காட்சியில், இணையத்தால் பிணைந்த ஆலைகளுக்கு ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்ற பெயர் வெளியானதும் கவனம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. 20 கோடி யூரோ வரை ஆய்வு நிதி ஒதுக்கப்பட்டது. சென்சர், இணையம், எண்ணியல் இரட்டை (இயந்திரத்தின் கணினி நகல்) என்று மாதிரி ஆலைகள் எழுந்தன. சில ஆண்டுகளிலேயே, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இவற்றை விளக்கிச் சொல்லத் தனி மையங்களைத் திறக்க வேண்டியிருந்தது. முதல் சுற்றுப் பணம் எதுவரை போனது என்பதற்கு அதுவே சாட்சி.

அமெரிக்கா 2012-இல் ஒஹையோவின் யங்ஸ்டவுனில் முப்பரிமாண அச்சுக்கும், 2014-இல் சிகாகோவில் எண்ணியல் உற்பத்திக்கும் ஆய்வு நிலையங்களைத் தொடங்கியது. சிகாகோவுக்கு மத்திய அரசின் பங்கு 7 கோடி டாலர். அதற்கு ஈடாகவாவது தொழில்துறையும் மற்றவர்களும் பணம் போட வேண்டும் என்பது நிபந்தனை. பொறுப்பைப் பகிரும் இந்த நிபந்தனை கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அதுவே சல்லடை. ஈட்டுத்தொகை போட வல்லவர் ஆய்வுத் தலைப்பைச் சொல்கிறார். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை கேள்வி கேட்கும் இடத்துக்கே வருவதில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு: ஆராய்ச்சி நிதி தனியார் தொடத் தயங்கும் கடினமான வேலைக்குத்தான், சிறு பட்டறைக்கு வேண்டியது கடன் வசதி, ஆராய்ச்சி அல்ல என்பார்கள்.

பிரிட்டனில் நடந்த ஒரு முயற்சி அந்த வாதத்தைச் சற்றே அசைக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2018-இல் பொது நிதியோடு தொடங்கிய ‘ஷூஸ்ட்ரிங்’ திட்டம், மேம்பட்ட தொழில்நுட்பத்திலிருந்து தொடங்காமல் சிறு ஆலைகளின் தேவைப் பட்டியலிலிருந்து தொடங்கியது. எந்த ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த இயந்திரம் சும்மா இருக்கிறது போன்றவைதான் அவர்கள் கேட்டவை. ராஸ்பெர்ரி பை போன்ற மலிவான, கடையில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே இவற்றுக்குத் தீர்வு தேடினார்கள். குறைந்த செலவில் நம்பகமாக ஓடச் செய்வதும் கடினமான ஆராய்ச்சிதான். இங்கிலாந்தின் வடமேற்கில் 2019-இல் நடந்த ‘மேட் ஸ்மார்ட்டர்’ முன்னோட்டத்துக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு சிறு ஆலைக்கு ஈட்டு மானியமாக 20,000 பவுண்டு வரை கிடைத்தது.

இந்தியாவின் எண்கள் வேறு. மொத்த ஆராய்ச்சிச் செலவே உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் அளவில்தான் நிற்கிறது. 2018-இல் 3,660 கோடி ரூபாயில் இணையம்சார் இயந்திர அமைப்புகளுக்கான தேசியத் திட்டம் வந்தது. அதன்கீழ் 25 மையங்கள். மூலதனப் பொருள் துறைக்கான திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2022-இல் 1,207 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. அதில் 975 கோடி அரசுடையது. ‘சமர்த் உத்யோக்’ பெயரில் புனே, டெல்லி, பெங்களூரு நகரங்களில் செயல்விளக்கக் கூடங்கள் இயங்குகின்றன.

செயல்விளக்கக் கூடம் என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே இயந்திரங்கள் புதியவை, ஒன்றோடொன்று பேசுபவை. கோயம்புத்தூரின் கணபதியிலோ பீளமேட்டிலோ பம்ப், வால்வு உதிரிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையில் அப்பா காலத்து லேத்தும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய வி.எம்.சி. மில்லிங் இயந்திரமும், ஈ.எம்.ஐ. முடியாத புது இயந்திரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றுக்குப் பேச்சே கிடையாது. மற்ற இரண்டும் வேறு வேறு பாஷை பேசும். இவற்றை இணைக்க மோட்டார் ஒயரின் மேல் கவ்வும் ஒரு கரண்ட் சென்சர் போதும்: மின்னோட்டம் ஏறினால் வேலை நடக்கிறது, இறங்கினால் இயந்திரம் சும்மா ஓடுகிறது. இதைத் தூசியிலும் கூலண்ட் எண்ணெயிலும் வருஷக்கணக்கில் தாங்கும்படி செய்வது பொறியியல் வேலை. ஆனால் அதில் ஆய்வுக் கட்டுரைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

பட்டறைக்காரருக்கு விலையைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒரு உருப்படிக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்பது அவருடைய தொழில் ரகசியம். நல்ல டூலும் சாமர்த்தியமான புரோகிராமும் போட்டு ஆறு நிமிஷ வேலையை நாலு நிமிஷமாக்கினால், அந்த இரண்டு நிமிஷம்தான் லாபம். டேட்டா நேரே ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியின் திரைக்குப் போனால் அடுத்த மாதமே ரேட் குறையும். இணைந்த ஆலை, வெளிப்படையான சப்ளை செயின் என்று திட்ட அறிக்கைகள் புகழும் அதே வசதி, கீழ்ப்படியில் இருப்பவருக்கு வேவு பார்க்கும் கண். டேட்டா யாருக்குச் சொந்தம், எவ்வளவு காட்டலாம் என்பதை மென்பொருளிலேயே வரையறுக்கும் வேலைக்குப் பொதுப்பணம் போனால், பட்டறைக்காரர் தானே சென்சரை வாங்கி மாட்டுவார்.

இந்தியாவில் 2025-இல் ஒப்புதல் பெற்ற 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாட்டு, புதுமை நிதி இதுவரை வந்தவற்றில் பெரியது. தொழில்நுட்ப முதிர்ச்சியின் ஒன்பது படிகளில் நான்காவதையும் அதற்கு மேற்பட்டவற்றையும் எட்டிய திட்டங்களுக்குச் செலவில் பாதிவரை கிடைக்கும். பணம் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனாகவோ பங்கு முதலீடாகவோ வரும். மானியம் கிடையாது, குறுகியகாலக் கடனும் கிடையாது. விண்ணப்பங்களை எடைபோடுபவர்கள், பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் இரண்டாம் நிலை நிதி மேலாளர்கள். கணபதியின் பட்டறையில் நான்காம் படி எது, ஐந்தாம் படி எது என்று பிரித்துக் கணக்கெழுத ஆளில்லை. அங்கே ஆராய்ச்சி நடப்பது இரவு ஷிப்டில், புது இன்செர்ட்டை மாட்டி, முதல் நாலு உருப்படியை ஸ்கிராப்பில் போட்டு, ஐந்தாவதை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்க்கும் செட்டரின் கையில்.