கோலி சோடா புட்டி என்னும் ஆவணம்

தொழில் வரலாற்றை ஆலைகளின் ஆவணங்களிலும் அரசு அறிக்கைகளிலும் தேடுவது பொருளியல் ஆய்வாளர்களின் வழக்கம். பெட்டிக்கடைகளில் அடுக்கப்பட்டிருந்த கோலி சோடா புட்டியும் அத்தகைய ஓர் ஆவணமே. பணி ஓய்வுக்குப் பின் பழைய புட்டிகளைத் தேடிச் சேகரித்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

வாயு அடைத்த நீரை விற்பதில் இருந்த பெரிய சிக்கல் மூடிதான். கார்க் காய்ந்து சுருங்கினால் வாயு வெளியேறிவிடும். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிற்க முடியாத முட்டை வடிவப் புட்டிகள் புழங்கின. படுக்கவைத்தால்தான் கார்க் நனைந்தே இருக்கும். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற புட்டி, கார்க்கையே தேவையற்றதாக்கியது. புட்டியைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பினால், வாயுவின் அழுத்தமே கழுத்திலுள்ள கண்ணாடிக் கோலியை ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடும்.

அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் 1892-இல் உருவாக்கிய தகர மூடி உலகெங்கும் பரவிய பிறகும், நம் ஊர்களில் கோலி நிலைத்தது. காரணம் எளிது. தகர மூடிக்கு ஒவ்வொரு முறையும் புதிய மூடி வேண்டும். கோலி சோடாவுக்கோ மூடி புட்டிக்குள்ளேயே இருக்கிறது. கையால் சுழற்றும் இயந்திரமும் சில நூறு புட்டிகளும் இருந்தால் சிற்றூரிலும் தொழில் நடத்தலாம்.

ஆனால், உள்ளிருக்கும் சோடாவைவிடப் புட்டியே விலை மிகுந்தது. அதுவே உரிமையாளரின் மூலதனம். எனவேதான் அவர் தம் பெயரையும் ஊரையும் கண்ணாடியிலேயே புடைப்பெழுத்துகளாக வார்க்கச் செய்தார். அது விளம்பரம் மட்டுமன்று, உடைமைப் பத்திரமும்கூட.

புட்டியின் காலத்தைக் கணிப்பதில் கவனம் தேவை. பக்கவாட்டில் தெரியும் அச்சுக்கோடு வாய்விளிம்பு வரை சென்றால் அது இயந்திரத்தில் வார்க்கப்பட்டது என்பது பொது விதி. கோலி சோடா புட்டியிலோ, கோலியை உள்ளே இட்ட பிறகே வாய்ப்பகுதி உருவாக்கப்படுகிறது. அதனால் இந்த விதியை மட்டும் நம்ப இயலாது. புடைப்பெழுத்தில் உள்ள பெயரைப் பழைய வணிகக் கையேடுகளோடும் நாளிதழ் விளம்பரங்களோடும் ஒப்பிட வேண்டும். புதிய வண்ணப் புட்டிகள் பழையவை என்று விற்கப்படுவதும் உண்டு.

சந்தை விலையும் வரலாற்று மதிப்பும் ஒன்றல்ல. அடர்நீலப் புட்டிக்குச் சேகரிப்பாளர்கள் பெருந்தொகை தருகிறார்கள். சிறு நகரம் ஒன்றின் பெயர் தாங்கிய சாதாரணப் பச்சைநிறப் புட்டியோ பழைய பொருள் கடையில் உடைபட்டு உலைக்குப் போகிறது. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் இன்றும் இயங்குவதால் அதன் வரலாறு நமக்குத் தெரிகிறது. கணக்கேடுகூட எஞ்சாத எத்தனையோ சிறு சோடா கம்பெனிகளுக்குக் கண்ணாடியில் உள்ள எழுத்து மட்டுமே சாட்சி. அது உடைந்தால் அந்த வரலாறும் முடிந்தது.

இதைக் காக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. கல்லூரிகளின் வரலாற்று, பொருளியல் துறை மாணவர்கள் தங்கள் ஊர்ப் புட்டிகளைப் படமெடுத்து, எழுத்துகளையும் கிடைத்த இடத்தையும் பதிவு செய்யலாம். சோடா தொழில் நடத்திய குடும்பங்களின் முதியவர்களிடம் விவரங்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். மாவட்ட அருங்காட்சியகங்கள் அவற்றுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். சேகரிப்பாளர்களும் புட்டியை வாங்கும்போது, அது எந்த ஊரில், யாரிடம் கிடைத்தது என்பதை அன்றே குறித்துவைக்க வேண்டும். கிடைத்த இடம் தெரியாத புட்டி வெறும் அலங்காரப் பொருள். இடம் தெரிந்தால் அது ஆவணம்.